இருட்டில் நடக்கக்கூடிய வீடு

கோகிலாம்பாள் வாசலில் நின்றபடியே கேட்டாள்:
"திருடன் எப்போ வந்தான்?"

யாரும் வரவில்லை, கோகி.
நாங்களே தூக்கி வெளியே வைத்தோம்.

அவள் நம்பவில்லை.
சாட்ஸ்வர்த்தில் ஒரு சுவர் வெறுமையாய் இருந்தால்
அதற்கு ஒரே காரணம்தான்.
ஜன்னல் கம்பிகளை எண்ணிப் பார்த்தாள்.
ஆறும் இருந்தன.
"போலீசிடம் சொன்னீங்களா?" என்றாள் மறுபடி.

அந்தச் சுவரோரம் கண்ணாடி அலமாரி நின்றது,
பதினெட்டு வருஷம்.
உள்ளே, கல்யாணத்துக்கு வந்த நாற்பத்திரண்டு தட்டுகள்,
ஒரு பருக்கை பார்க்காதவை.
அலமாரிக்கு முப்பத்தாறு மாதத் தவணை.
அது முடிவதற்குள் கடைக்காரர் சோபாவைச் சேர்த்துவிட்டார்,
சோபா முடிவதற்குள் ஃப்ரீசரை.
பூபாலனுக்கு டயர் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
சோபாவின் கடனுக்காகக் கூடுதல் ஷிப்டும் பார்த்தான்.
அந்தச் சோபாவில் அவன் சாய்ந்து உட்கார்ந்ததை
இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

பிறகு அந்த கிறிஸ்துமஸ் வாரம்.
துணைமின் நிலையம் வெடித்து
தெரு முழுக்க நான்கு நாள் மின்சாரம் இல்லை.
ஸ்பெஷல் விலை, ஸ்பெஷல் விலை என்று
நான் அடைத்து வைத்த கோழிகள் பதினொன்று,
எந்த வருஷத்தது என்று தெரியாத ஆட்டுத்தொடை,
மூன்று பை பட்டாணி.
முதல் நாள் சமைத்தோம்.
இரண்டாம் நாள் தெருவுக்கே கொடுத்தோம்.
நான்காம் நாள் அவகாடோ மரத்தடியில்
பூபாலன் குழி தோண்டினான்.
மண்ணைத் தள்ளி மூடும்போது அவன் சொன்னது:
"இதுக்கும் இன்னும் ஏழு மாசம் கட்டணும்."

அன்று தொடங்கியது.
ஏழு கத்தரிக்கோல் கிடைத்தன,
வேண்டும்போது ஒன்றுகூட அகப்படாத வீட்டில்.
ஒன்றை மட்டும் ஆணியில் மாட்டினேன்.
நெரிஷா கதவின் பின்னால் ஒரு தாள் ஒட்டினாள்:
எது வேண்டுமோ எழுது.
ஒரு பௌர்ணமி போகட்டும்.
பிறகும் வேண்டுமென்றால் வாங்கு.

திரைச்சீலை அடிபட்டது.
அவளுடைய சிவப்புச் செருப்பு, அவளே அடித்தாள்,
பேனா தாளைக் கிழிக்கும்படி.
கெட்டில் மட்டும் மூன்று பௌர்ணமி தாக்குப்பிடித்தது.
பழையது ஒழுகியது. வாங்கினோம்.
அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று
ஒரு விருந்தாளியைப் போல மேசையில் வைத்துப் பார்த்தோம்.

எல்லாம் சரியாகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.
பெரிய அண்டாவைத் தர்மக் கடைக்குக் கொடுத்தது தப்பு.
புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை,
முப்பது பேருக்குச் சமையல், அடுப்பில் வைக்க ஒன்றுமில்லை.
கோகியிடம் போய் நின்றேன்.
வெறும் பாத்திரம் திருப்பித் தரும் வழக்கமில்லை,
சர்க்கரைப் பொங்கலோடு கொண்டுபோனேன்.
ஒரு வாய் தின்றுவிட்டுச் சொன்னாள்:
"அப்போ உன் வீட்டுச் சாமானெல்லாம்
இனிமேல் என் வீட்டிலேயா?"
பதில் இல்லை எனக்கு.
அவளுக்கு ஏணி கிடையாது. எங்களுடையதைக் காட்டினேன்.
அடுத்த வாரம் வந்து எடுத்துப் போனாள்.
இன்னும் திரும்பி வரவில்லை.

கடன் முடிந்த மறுநாள் கடையிலிருந்து போன்:
வாழ்த்துகள், உங்கள் வரம்பை உயர்த்தியிருக்கிறோம்.
என்ன வரம்பு, என்று கேட்டேன்.
அந்தப் பெண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை, பாவம்.

நேற்று இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போனது.
தெருவில் சாமான்கள் உருளும் சத்தம்,
யாரோ யாரையோ திட்டும் சத்தம்.
நான் எழுந்தேன். ஒன்பது அடி. இரண்டாவது இழுப்பறை.
டார்ச், அதற்கு வலப்பக்கம் தீப்பெட்டி.
ஏற்றாமல் அப்படியே நின்றேன் கொஞ்ச நேரம்.
பூபாலன் அவன் சாப்பாட்டு டப்பாவை
விளக்கில்லாமலே எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

திரும்பி வரும்போது கவனித்தேன்:
அலமாரியின் முனை இருந்த இடத்தில்,
என் முழங்காலில் தழும்பு வைத்த அந்த இடத்தில்,
உடம்பு இன்னும்
ஒதுங்கித்தான் போகிறது.